இரண்டு முளைப்பாரிப் பானைகள்

போன வாரம் பதுளை பஸ் ஸ்டாண்டில் ஒரு சட்டித் தயிர் வாங்கினேன். தின்று முடித்துச் சட்டியைக் கழுவும்போது ஈர மண் வாசம் வந்தது பாருங்கள், அப்படியே நின்றுவிட்டேன். குழாய்த் தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனதும் அவர்களுடைய குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வது என் வேலை. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்தில், பக்கத்து வீட்டு லெச்சுமி அக்காவின் மகள் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போய், எட்டு மாதமாகக் கடிதமில்லை. அவள் திரும்பி வரவேண்டுமென்று அக்கா மாரியம்மனுக்கு முளைப்பாரி நேர்ந்திருந்தார். பானை வாங்க என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். எனக்கு நன்றாகச் சிங்களம் வரும் என்பது அவருடைய நம்பிக்கை. அதை நான் கெடுக்கவில்லை.

ஹாலிஎலைக்குக் கீழே ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேருகிற இடத்தில் ஒரு திட்டு. மூங்கில் பாலத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தால், பானை செய்கிற சிறிய ஊர். பானை தட்டுகிற சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. முளைப்பாரிப் பானைக்கு அடியில் ஓட்டை வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி முளை அழுகிவிடும். இதை என் சிங்களத்தில் சொன்னதும் பானைக்கார அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. ஓட்டைப் பானை தன் கையால் போகாது என்றுவிட்டார்.

"எம்மகளப் பத்திச் சொல்லு புள்ள," என்றார் அக்கா.

சொன்னேன். அந்த அம்மா ஈரம் காயாத பானை ஒன்றைக் கவிழ்த்து, அடியில் கட்டைவிரலால் குத்தினார். இன்னொன்றையும் எடுத்துக் குத்தினார். தன் மகன் ராணுவத்தில் வடக்கே இருக்கிறான், அவனுக்கும் ஒன்று தூக்குவீர்களா என்று கேட்டார்.

சூளையில் சுட்டெடுத்த பிறகு போய் வாங்கி வந்தோம். திருவிழாவில் அக்கா மகளுக்காக ஒன்றைத் தூக்க, அந்தப் பையனுக்காக நான் ஒன்றைத் தூக்கினேன். அன்றைக்கு இருந்த நிலைமையில் அதை வெளியே சொல்ல முடியுமா? "மாப்பிள்ளைக்கு நேந்துக்கிட்டியாக்கும்?" என்று லயமே கேலி செய்தது. எனக்கென்றுகூட நான் அவ்வளவு மனதாரக் கும்பிட்டதில்லை.

அடுத்த வருஷம் மகள் வந்து சேர்ந்தாள். அந்த அம்மாவிடம் அவளைக் காட்டிவிட்டு வரலாமென்று மூன்று பேரும் பஸ் ஏறினோம். அக்கா ஒரு பிஸ்கட் பெட்டியும் வாங்கியிருந்தார். இறங்கினால், பாலத்துக்குப் போகிற பாதை முழுக்கச் சாவுக்குக் கட்டுகிற வெள்ளைக் கொடி. யாரென்று கடைக்காரரிடம் கேட்டேன். பானைக்கார அம்மாவின் மகன்தான்.

அக்கா மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ளயப் பக்கத்துல வச்சுக்கிட்டு அந்தம்மா மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றார். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம்.

இப்போது அக்கா இல்லை. மூங்கில் பாலமும் இல்லை, கார் போகிற மாதிரி கொங்கிரீட்டில் கட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு நான் ஒருத்தியாவது அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும், போகவில்லை. அவனுக்காக முளைப்பாரி தூக்கியவள் நான். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது.