சாய்த்துக் கட்டின சேர்ச்

பிள்ளையள், அஜின்கோர்ட்டில் அந்தச் சின்னக் கல் சேர்ச்சைக் கடக்கும்போது அப்பா நான் ஏன் காரை மெதுவாக்குகிறேன் என்று கேட்டீர்கள். அதன் தரைக்குப் பலகை பதித்தவர்களில் நானும் ஒருவன்.

அப்போது நான் ஒரு அண்ணையோடு வேலை செய்தேன். கொன்ராக்ட் எடுத்தவர் அவர்தான். சனம் இருக்கிற மண்டபத்தை முடித்துவிட்டு, அதே நேர்கோட்டில் பீடம் வரைக்கும் சோக்குத்தூள் பூசின நூலால் கோடு அடித்தோம். கோடு பீடத்துக்கு நடுவில் போகவில்லை, வலப்பக்கம் விலகிப் போனது. திரும்பவும் அளந்தோம். மண்டபத்துக்கும் பீடத்துக்கும் நடுவில் உள்ள கூர்வளைவுக்கு அங்கால் கட்டடமே இடப்பக்கம் கோணலாகச் சாய்ந்து நின்றது.

"குடிவெறியில கட்டியிருக்கிறாங்கள்" என்றார் அண்ணை. எங்கட கோயிலில் வாசலில் நின்றால் மூலஸ்தானம் நேரே தெரிய வேணும். அந்தப் பழக்கத்தில் அவர், இடப்பக்கம் டிறைவோல் அட்டையால் ஒரு பொய்ச்சுவர் எழுப்பி, பீடத்தையும் தள்ளி வைத்தால் எல்லாம் நேராகிவிடும் என்று கணக்குப் போட்டார். நல்லது செய்கிறோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

சேர்ச்சின் கதவுத் திறப்பை வைத்திருந்த வயதான வெள்ளைக்கார அம்மா வந்து கோட்டைப் பார்த்தா. பொய்ச்சுவர்க் கதையை அண்ணை சொல்ல, முகம் மாறிவிட்டது. இங்கிலாந்தில் அவவின் முன்னோரின் கிராமத்துச் சேர்ச் பல நூறு வருசப் பழசாம். ஒரு தலைமுறை மண்டபத்தைக் கட்ட, பீடப் பக்கம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் எழும்பியதாம். அதுதான் சாய்ந்துபோனது. சிலுவையில் சரிந்த யேசுவின் தலை அது என்று ஊர்ச்சனம் சொல்ல, படித்தவர்கள் அளவுப் பிழை என்பார்களாம். எதுவோ, அங்கிருந்து இங்கே தோட்டம் செய்ய வந்தவர்கள் வயலுக்கு நடுவில் இதைக் கட்டியபோது, அந்தச் சாய்வையும் வேண்டுமென்றே வைத்துக் கட்டினார்கள். சாய்வில்லாமல் அவர்களுக்கு அது சேர்ச்சாகத் தெரியவில்லை.

இப்போது வருகிறவர்கள் கொஞ்சப் பேர், எல்லாரும் கிழடுகள் என்றா. தாங்களும் போனபிறகு இதைச் சொல்ல ஆளில்லை, சுவர்தான் சொல்ல வேணும், அதையும் மூடிவிடாதீர்கள் என்று கேட்டா.

அண்ணை தாடையைச் சொறிந்தார். "என்னடாப்பா செய்வம்?"

"கல்லே சாஞ்சு நிக்குது அண்ணை. பலகை மட்டும் ஏன் நிமிர வேணும்?"

"அப்ப சரிச்சு வெட்டுறது முழுக்க நீதான். உனக்குத்தானே வாய் கூட."

வெட்டினேன். வளைவடியில் ஒவ்வொரு பலகையும் கோணலாகச் சேர வேண்டும். முதுகு முறிந்தது. முடியும் தறுவாயில் அந்த அம்மா வாசலிலிருந்து பீடம் வரை மெல்ல நடந்து பார்த்தா. அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனா.

அண்ணை சாமான்களை வான் வண்டியில் ஏற்றப் போய்விட்டார். வளைவடியில் கடைசிப் பலகை ஒன்று மிச்சம். இதை இனி ஒருநாள் கிளப்பப் போகிறவனும் எங்கட ஆளாக இருக்கலாம் என்று பட்டது. பென்சிலை எடுத்து அடித்தரையில் தமிழில் எழுதினேன்: "கோணல் பிழை இல்லை. தெரிஞ்சு கட்டினது. நிமித்தாதேங்கோ."

பிறகு பலகையை வைத்து ஆணி அடித்தேன்.