கமலாசனி அள்ளிய மண்

கமலாசனி தன் வாழ்நாளில் சீருடைக்காரரோடு பேசிய சொற்களை ஒரு கொப்பியின் அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். "ஓம் சேர்." "தெரியாது சேர்." "வயலுக்குப் போறன் சேர்." அவருக்கு வயது ஐம்பத்தாறு. மற்ற இடங்களில் வாய் குறைந்தவர் அல்ல. நெல்லில் ஈரம் கூட என்று விலையைக் குறைக்கப் பார்த்த வியாபாரியிடம், "உம்மட மெசினுக்குத்தான் தடிமன் பிடிச்சு மூக்கொழுகுது, என்ர நெல்லுக்கில்லை" என்று சொல்லி மூட்டையைத் திருப்பி ஏற்றியவர்.

சீருடைக்கு முன் சொல்லைச் சுருக்கவேண்டும் என்பதை அவர் 2009 இல், போரின் முடிவில் கற்றார். கணவர் நடராசா செல் குண்டு விழுந்து இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எட்டு வயது மகன் சுமனைக் கையில் பிடித்தபடி முகாம் வரிசையில் நின்றார். மேசைக்குப் பின்னால் இருந்த இராணுவ அதிகாரி, சொந்தக்காரர் வேறு யாராவது வரிசையில் நிற்கிறார்களா என்று கேட்டார். தம்பி ஜெயந்தன் பத்துப் பேருக்குப் பின்னால் நின்றான். "ஒருத்தருமில்லை சேர்" என்றார் கமலாசனி. இளம் ஆண்களைப் பிரித்துக் கொண்டுபோகிறார்கள் என்ற பயத்தில், அவனைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அன்று பின்னேரம் அவனை வேறொரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அவன் திரும்பி வரவில்லை. பிறகு அவனைத் தேடிப் போன இடமெல்லாம் அந்தப் பழைய படிவம் அவருக்கு முன்னே போய் நின்றது. "அங்க ஒருத்தருமில்லை எண்டு நீங்கள்தானே அம்மா சொல்லியிருக்கிறீங்கள்?"

கண்ணகை அம்மன் கோயில் இருக்கும் வற்றாப்பளைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில், குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயல். அதில்தான் சுமனை வளர்த்தார். போன வருடம் ஆவணி மாதத்தில் ஒருநாள், உர மூட்டையோடு மோட்டார் சைக்கிளில் வந்த சுமனை வீதிச் சோதனையில் மறித்தார்கள். சார்ஜன் லைசென்ஸை வாங்கிப் பார்த்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"என்ன பிழை எண்டு சொல்லிப்போட்டு வைச்சிருங்கோ சேர்" என்றான் சுமன்.

இடது காதோடு சேர்த்து அடி விழுந்தது. காதால் இரத்தம் வந்தது. கடமைக்கு இடையூறு செய்தான், ஓட முயன்று விழுந்தான் என்று எழுதி அவனை விளக்கமறியல் சிறையில் வைத்தார்கள்.

மறுநாள் கமலாசனி சிறையில் மகனின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொலிஸ் நிலையத்துக்கு முறைப்பாடு கொடுக்கப் போனார். அந்த நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார், முன்ஸிர் என்ற கான்ஸ்டபிள். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அம்மா, அடிச்சது எண்டு எழுதேலாது. விழுந்தது எண்டு எழுதுறன், கையெழுத்து வைங்கோ. கேஸ் லேசா முடியும்."

"விழுந்தவன்ர கன்னத்தில அஞ்சு விரலும் எப்பிடித் தம்பி பதியும்?"

முன்ஸிர் பேனையை மூடினார். உள்ளேயிருந்து சார்ஜன் எட்டிப் பார்த்து, சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

கமலாசனி எழுந்து முற்றத்துக்குப் போனார். குனிந்து ஒரு பிடி மண் அள்ளினார். மண் அள்ளிச் சாபம் போடுவதை வன்னியில் யாரும் விளையாட்டாகச் செய்வதில்லை; போட்டவரையும் அது சும்மா விடாது என்பார்கள். வற்றாப்பளைத் திசையைப் பார்த்து நின்று சத்தமாகச் சொன்னார். "கண்ணகைத் தாயே! என்ர பிள்ளையின்ர காதை உடைச்சவன்ர வாசல்ல நீ போய் நில்." மண்ணை நிலையத்தின் படியில் வீசினார்.

சார்ஜனின் சிரிப்பு நின்றுவிட்டது. தமிழ் தெரியாவிட்டாலும் கண்ணகை யார் என்று அவருக்குத் தெரியும். அவருடைய சிங்கள ஊரில் அவள் பத்தினித் தெய்வம். அம்மை அவள் கைப்பட்டு வருவது என்ற நம்பிக்கை அங்கும் உண்டு. மிச்சத்தை முன்ஸிரிடம் கேட்டார். முன்ஸிர் ஒரு கணம் யோசித்துவிட்டு, உள்ளபடியே சொன்னார்.

அன்றே கமலாசனி மீதும் வழக்குப் பதிந்தார்கள். பொலிஸ் அதிகாரியை மிரட்டியதாகக் குற்றச்சாட்டு. அவரை அன்று பின்னேரம் பிணையில் விட்டார்கள். சுமனுடைய பிணையை மட்டும் பொலிசார் ஒவ்வொரு தவணையும் எதிர்த்தார்கள். உள்ளே அவனுடைய காதிலிருந்து சீழ் வடிந்தது.

மூன்றாம் வாரம் முன்ஸிர் சீருடை இல்லாமல் வீட்டுக்கு வந்தார்.

"சார்ஜன்ர மகளுக்குக் கொப்புளிப்பான் அம்மை போட்டிருக்கு. ஆறு வயசுப் பிள்ளை. காய்ச்சல் இறங்குதில்லையாம்."

கமலாசனி கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருக்கச் சொன்னார்.

"திங்கக்கிழமை வற்றாப்பளைக் கோயிலுக்கு வந்து சொன்னதைத் திருப்பி எடுங்கோவாம். தம்பியின்ர பிணைக்கு எதிர்ப்புச் சொல்லமாட்டாராம்."

"நீர் இதை நம்புறீரோ?"

"எனக்கென்ன தெரியும் அம்மா, நான் முஸ்லிம். ஆனா அந்த மனுசன் மூண்டு நாளாச் சோறு தின்னேல்லை."

திங்கட்கிழமை சார்ஜன் வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சேட்டுமாக, பூத்தட்டோடு கோயில் வாசலில் நின்றார். சீருடை இல்லாதபோது ஒடுங்கிய தோள்களும் நரைத்த மயிரும் தெரிந்தன. கமலாசனி கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டார்.

"தாயே, அந்தப் பிள்ளையை விட்டிடு."

சார்ஜன் முன்ஸிரைப் பார்த்தார். முன்ஸிர் மொழிபெயர்த்தார். சார்ஜன் தன் நெஞ்சைத் தொட்டு ஏதோ கேட்டார்.

"தனக்கும் சேர்த்துச் சொல்லட்டாம்" என்றார் முன்ஸிர்.

"பிள்ளைக்குத்தான் சொல்ல வந்தனான். அவர் செய்ததுக்கு அவர்தான் தாயிட்டக் கேக்கவேணும்."

சார்ஜன் கோபப்படவில்லை. தட்டைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். குழந்தைக்குச் சுகமானது. அடுத்த தவணையில் பொலிசார் எதிர்க்கவில்லை. சுமன் வீட்டுக்கு வந்தான். இடது காது கேட்கவில்லை. செவிப்பறை கிழிந்ததை நேரத்துக்குக் கவனிக்காமல் விட்டாயிற்று என்றார் வைத்தியர்.

கமலாசனி மீதான மிரட்டல் வழக்கும் முடியாமல் கிடந்தது. அது நிலையத்தின் வழக்கு. சார்ஜன் நினைத்தாலும் நிறுத்த முடியாது. சட்டத்தரணி சிவதர்சினி விசாரணைக்கு முதல் நாள் கமலாசனியைக் கூப்பிட்டு இருத்தினார்.

"அன்ரி, சாபம் பலிக்கும் எண்டு நீங்கள் சொன்னா அது மிரட்டல். பலிக்காது எண்டா அது வெறும் கதை. வெறும் கதைக்குத் தண்டனை இல்லை."

"அப்ப பலிக்கிற கதை ஒண்டும் நாங்கள் கதைக்கேலாதோ?"

"பொலிசோட கதைக்கேலாது."

"நான் உண்மையாத்தானே பிள்ளை சொன்னனான்."

"அதை நாளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. சுமன்ர வழக்கு இன்னும் கிடக்கு. நீங்கள் உள்ள போனா அவனுக்கு ஆர் இருக்கினம்?"

சட்டம் பேச்சை அப்படித்தான் அளக்கிறது. பயனற்ற சொல்லுக்கு முழுச் சுதந்திரம் உண்டு. பிழை என்று யாரும் சொல்ல முடியாத ஏற்பாடு. சரி என்று சொல்லவும் நா எழவில்லை.

நீதிமன்றத்தில் சார்ஜன் சீருடையில், தொப்பியை மடியில் வைத்தபடி முன்வரிசை வாங்கில் இருந்தார். சிவதர்சினி எழுந்து, இது கிராமத்து வழக்கம், துயரத்தில் வந்த வார்த்தை, எவருக்கும் தீங்கு செய்யும் சக்தி இதற்கு இல்லை என்று வாதிட்டார். நீதவான் கூண்டைப் பார்த்தார்.

"நீங்கள் சொன்னதுக்கு அப்பிடி ஒரு சக்தி இல்லையெண்டு ஏற்றுக்கொள்ளுறீங்களா அம்மா?"

கமலாசனி சார்ஜனைப் பார்த்தார். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கோயில் வாசலில் தட்டோடு நின்றவரின் கண்கள் அவை. அந்த மண்டபத்தில் கமலாசனியின் சொல்லை நம்பிய ஆள், கமலாசனியைத் தவிர, அந்தச் சார்ஜன் ஒருவர்தான். பின்வரிசை வாங்கில் சுமன் வலது காதை முன்னால் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஓம் ஐயா" என்றார் கமலாசனி. "வெறும் கதை."

நீதவான் எச்சரித்து விடுவித்தார். முன்ஸிர் சார்ஜனின் காதில் குனிந்து மொழிபெயர்த்தார். சார்ஜன் நீண்ட மூச்சொன்றை விட்டார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டு, கூண்டின் பக்கம் திரும்பாமல் வெளியே போனார். வாசலில் யாரோ ஏதோ சொல்ல, அவர் சிரிப்பது கேட்டது.

பஸ்ஸில் சுமன் யன்னல் பக்கம், தாய் அவனுக்கு இடப்புறம்.

"நீதவான் உங்களைக் கேக்கேக்கை என்னம்மா சொன்னனீங்கள்? எனக்கு வடிவாக் கேக்கேல்லை."

"ஒண்டுமில்லை" என்றார் கமலாசனி. அதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. திரும்பவும் கேட்டான். அவர் இரண்டாம் முறை சொல்லவில்லை.