எழும்பாதேங்கோ என்று சொன்னவர்

புனிதமலர் மன்னார் பேசாலையிலிருந்து இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்தது எண்பத்தொன்பதாம் ஆண்டு. வந்த இரண்டாம் வாரமே சின்யோரா என்று கூப்பிடும் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை கிடைத்தது. சமைப்பது, துடைப்பது, சின்யோராவைக் குளிக்க வார்ப்பது எல்லாம் அவர்தான். கணவர் கிறிகோரியும் மகள் கிளறாவும் ஊரில் இருந்தார்கள். நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ கையில் வந்ததும் அவர்களைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட்டார். அதற்காகக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்கு எத்தனை தரம் நடந்தார் என்று அவருக்கே நினைவில்லை. தொண்ணூற்றைந்து மாசியில் இருவருக்கும் விசா வந்தது.

கிறிகோரி மன்னார் பஸ்ஸில் கண்டக்டர். நல்ல உயரம். சண்டையால் பஸ் ஓடாத நாள்களைத் தவிர, இருபது வருடம் நின்றுகொண்டே வேலை செய்தவர். கொழும்பிலிருந்து புறப்படுவதற்கு முதல் நாள் புனிதமலர் பல்லரோ சந்தையிலிருந்த தொலைபேசிக் கடையிலிருந்து அவரோடு கதைத்தார்.

"பிளேனிலை ஏறி இருந்தா எழும்பாதேங்கோ. தண்ணியும் கனக்கக் குடியாதேங்கோ, பிறகு கக்கூசுக்குப் போகவேண்டி வரும். அங்கத்தைக் கதவு திறக்கவும் உங்களுக்குத் தெரியாது."

"பதினொரு மணித்தியாலமாமே, மலர்?"

"ஓம், நித்திரை கொள்ளுங்கோ. அவங்கள் ஏசினா வெக்கக்கேடு. பிள்ளைக்கும் சொல்லிப்போடுங்கோ."

"சரி, சரி. நீ சொன்னாச் சரி," என்று கிறிகோரி சிரித்தார்.

அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. தான் முதன்முதல் பறந்தபோது, எழும்பக்கூடாத நேரத்தில் எழும்பி, தடுமாறி, பக்கத்திலிருந்த வெள்ளைக்காரரின் மடியில் தோடம்பழச் சாற்றைக் கொட்டிவிட்டார் புனிதமலர். பணிப்பெண் எல்லோருக்கும் கேட்கக் கத்தினாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆறு வருடமாகியும் அந்தச் சிரிப்பு அவர் காதை விட்டுப் போகவில்லை. தன் புருசனைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்கக்கூடாது என்பதுதான் அவருடைய எண்ணம்.

விமானம் கொழும்பில் ஓடுபாதையிலேயே இரண்டு மணி நேரம் நின்றது. பிறகு பதினொரு மணி நேரம் பறந்தது. கிறிகோரிக்கு ஜன்னல் பக்க இருக்கை, நடுவில் கிளறா, ஓரத்தில் முன்பின் தெரியாத ஒருவர். ரோமாபுரியில் விமானம் மாறி பலேர்மோவில் இறங்கியபோது கிறிகோரி நொண்டிக்கொண்டுதான் வெளியே வந்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு பார்க்கிற மனுசன். புனிதமலர் காலைக் கவனிக்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார்.

அடுத்த நாள் இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. "கனநேரம் மடக்கி வைச்சிருந்தது, வேறை ஒண்டுமில்லை," என்றார் கிறிகோரி. தமிழ்க் கடையிலிருந்து நல்லெண்ணெய் வாங்கிவந்து, சூடாக்கி, ஐந்து நாளும் வேலைக்குப் போகுமுன் புனிதமலர் அந்தக் காலை அழுத்தி உருவிவிட்டார். ஆறாம் நாள் காலை, மூன்றாம் மாடியிலிருந்த வீட்டுக்குப் படியேறிய கிறிகோரி மூச்சு வாங்க முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அவருக்கு வயது நாற்பத்தேழு.

"நெடுந்தூரம் பறந்தாரா?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார். அசையாமல், தண்ணீர் குடிக்காமல், ஒடுக்கமான இருக்கையில் மணிக்கணக்காக இருந்தால் சிலருக்கு இப்படி வரும் என்றும், இடைக்கிடை எழுந்து நடந்திருந்தால் ஒருவேளை வந்திராது என்றும் விளக்கினார். எண்ணெய் போட்டு உருவியதைப் பற்றிப் புனிதமலர் கேட்டபோது டாக்டர் கொஞ்சம் தாமதித்து, "இனி அதை யோசிக்காதீர்கள்," என்றார். அந்தத் தாமதமே புனிதமலருக்குப் போதுமாயிருந்தது.

சின்யோராவின் வீட்டுக்கு வந்துபோகும் விதாலே என்ற வழக்கறிஞர் விசயத்தைக் கேள்விப்பட்டுக் கோபப்பட்டார். நல்ல மனிதர். "மருத்துவர்கள் இதைப் பல வருடமாக எழுதி வருகிறார்கள். விமான நிறுவனத்துக்குத் தெரியாமலிருக்க வழியில்லை. 'எழுந்து நடவுங்கள், தண்ணீர் குடியுங்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? இது கவனக்குறைவு. இந்த நாட்டுச் சட்டப்படி அவர்கள் பதில் சொல்லவேண்டும்," என்றார்.

புனிதமலருக்கு வழக்கில் விருப்பம் இருக்கவில்லை. ஆனால் பேசாலையிலிருந்து கிறிகோரியின் அக்கா சூசையம்மா எழுதிய கடிதம் அவரைத் தள்ளியது. 'என்ர தம்பியைக் கொன்றவங்களைச் சும்மா விடாதை, மலர்' என்று அதில் இருந்தது.

வாக்குமூலம் எழுதிய அன்று விதாலேயின் அலுவலகத்துக்குத் தாயும் மகளும் போனார்கள். கிளறாவுக்கு அப்போது பதினான்கு. ஒரு வருடத்தில் அவளுடைய இத்தாலியன் தாயின் இத்தாலியனை முந்திவிட்டது.

"விமானத்தில் யாராவது எழுந்து நடக்கச் சொன்னார்களா?" என்று விதாலே அவளைக் கேட்டார்.

"இல்லை."

"உன் அப்பா ஒரு தரமாவது எழுந்தாரா?"

"இல்லை."

"ஏன் எழும்பவில்லை? ஏதும் சொன்னாரா?"

கிளறா தாயைப் பார்த்தாள். புனிதமலர் கைப்பையின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பயமாக இருந்திருக்கும்," என்றாள் கிளறா. விதாலே எழுதிக்கொண்டார்.

எழும்பவேண்டாம் என்று சொன்னது நான்தான் என்று அந்த இடத்தில் வாய் திறக்கத்தான் புனிதமலர் நினைத்தார். ஆனால் சொன்னால் வழக்கு விழுந்துவிடும், சூசையம்மாவுக்குத் தெரியவரும், தகப்பன் செத்தது அந்தச் சொல்லால்தான் என்று மகளுக்கும் விளங்கிவிடும். நீதிபதி கேட்கும்போது சொல்வோம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார். பிறகு இரண்டு வருடமும் அந்த நாளை நினைத்து நடுங்கினார். சின்யோராவின் சட்டைகளை இஸ்திரி போடும்போது இத்தாலியனில் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். குற்றத்தோடு நற்கருணை வாங்கக்கூடாதென்று நன்மை எடுக்கப் போவதை நிறுத்திக்கொண்டார். பூசைக்குப் போனாலும் கடைசி வரிசை வாங்கிலேயே இருந்துவிட்டு வந்துவிடுவார்.

நீதிபதி ஒன்றும் கேட்கவில்லை.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில் விதாலே புனிதமலரைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார். "நாடு விட்டு நாடு பறக்கும் விமானங்களுக்கு ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. உள்ளே பயணிக்கு என்ன நேர்ந்தாலும் அதன்படிதான் கேட்கலாம், இத்தாலியச் சட்டத்தைக் காட்டிக் கவனக்குறைவு என்று கேட்க முடியாது என்று நிறுவனம் வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தமோ விபத்து நடந்திருக்கவேண்டும் என்கிறது. ஒரு மனிதன் தன் இருக்கையில் சும்மா இருந்தது விபத்து இல்லையாம்."

"அப்ப பிழை ஆரிலை எண்டு சொல்லேல்லையா?" என்று புனிதமலர் தன்னை மறந்து தமிழில் கேட்டுவிட்டு, திரும்ப இத்தாலியனில் கேட்டார்.

"அந்தக் கேள்விக்கே அவர்கள் போகவில்லை. இங்கே மட்டுமில்லை. அமெரிக்காவிலும் ஒரு மாநிலத்தின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டால், ஆகாயம் முழுதும் நடுவண் அரசின் சட்டத்துக்குக் கீழே, மாநிலச் சட்டம் இங்கே செல்லாது என்றுதான் நிறுவனங்கள் வாதாடுகின்றன. கீழே நிற்கிற சட்டத்தின் கை மேலே எட்டுவதில்லை, சின்யோரா. என்னை மன்னியுங்கள்."

வெளியே வந்தபோது தனக்கு நிம்மதியாக இருந்தது என்பதைப் புனிதமலர் பிறகு ஒப்புக்கொண்டார். பஸ் தரிப்பிடம் வரைக்கும்தான். தன் புருசனின் சாவுக்குப் பதில் கிடைக்கவில்லை என்று கேட்டு நிம்மதிப்பட்டவள் எப்படிப்பட்ட பெண் என்ற நினைப்பு வந்ததும் பஸ்ஸில் ஏறாமல் அப்படியே நின்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து கிளறாவிடம் தீர்ப்பைச் சொன்னார். பள்ளிக்கூடப் புத்தகத்தை மூடிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று அழத் தொடங்கினாள். தகப்பனின் செத்தவீட்டில் கூட அவள் அப்படி அழவில்லை.

"அம்மா, அப்பா என்னட்டைக் கேட்டவர்."

"என்ன கேட்டவர்?"

"பாதி வழியிலை. கால் விறைக்குது, ஒருக்கா எழும்பட்டே, பக்கத்திலை இருக்கிறவரை விலத்தச் சொல்லு எண்டவர். நான்தான் வேண்டாமெண்டன். அம்மா எழும்பவேண்டாமெண்டு சொன்னவ எண்டு சொன்னனான். எனக்கு அந்த ஆளோடை கதைக்க வெக்கமா இருந்தது. அப்பா சரியெண்டு இருந்திட்டார்."

மூன்றரை வருடமாகத் தன் பிழையை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததாக நினைத்த புனிதமலருக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பிழையை இந்தப் பிள்ளை தன்னுடையதென்று எண்ணிச் சுமந்திருக்கிறாள். தாய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் சுமந்திருக்கத் தேவையில்லை.

"பிள்ளை, இஞ்சை பார். அது என்ர வாய்ச்சொல். நீ திருப்பிச் சொன்னது மட்டும்தான்," என்றார்.

"நான் சொல்லாட்டில் அவர் எழும்பியிருப்பார்."

"நான் சொல்லாட்டில் நீ சொல்லியிருக்கமாட்டாய்."

கிளறா தலையை ஆட்டினாள். ஆனால் நம்பினாள் என்று தாய்க்குத் தோன்றவில்லை.

அடுத்த கிழமை புனிதமலர் விதாலேயிடம் தனியே போய் எல்லாவற்றையும் சொன்னார். தொலைபேசி, தண்ணீர், எண்ணெய், கிளறாவின் முகத்தைப் பாராமல் இருந்தது, எதையும் விடவில்லை. விதாலே கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "நீங்கள் அன்றே சொல்லியிருந்தாலும் தீர்ப்பு இதுதான். உங்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருந்தது, சொல்லவில்லை. பிழை அங்கேதான்."

"அவர்கள் சொல்லியிருந்தாலும் அவர் என் சொல்லைத்தான் கேட்டிருப்பார்," என்றார் புனிதமலர்.

அதன் பிறகு சூசையம்மாவுக்கு எழுதினார். நாலு தரம் கிழித்துவிட்டு, ஐந்தாம் தரம் எழுதியதை வாசித்துப் பார்க்காமலே ஒட்டி அனுப்பினார். கிளறாவின் பெயர் அதில் வரவில்லை. எழும்பவேண்டாம் என்றது நான், காலை உருவினது நான், வழக்கு நடக்கும் மட்டும் வாய் மூடியிருந்ததும் நான் என்று மட்டும் எழுதினார்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. ஒரே ஒரு பக்கம். ஊரில் மழை, தேவாலயத்தின் ஓடு மாற்றுகிறார்கள், கிளறாவைப் படிக்க வை என்றெல்லாம் இருந்தது. கடைசி வரியில், 'நீ எழுதினதை வாசிச்சன். எனக்கு இப்ப ஒண்டும் சொல்லத் தெரியேல்லை' என்று முடித்திருந்தார்.

புனிதமலர் அந்த வரியைப் பலதரம் வாசித்தார். கோபமா, ஆறுதலா என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிய, ஊருக்குப் பறக்க நாள் குறித்திருந்த ஒரு குடும்பத்தைக் கோயில் வாசலில் மறித்து, மணிக்கு ஒரு தரம் எழும்பி நடவுங்கோ, வெக்கப்படாதேங்கோ, தண்ணி குடியுங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் தலையாட்டிவிட்டு, பிந்துகிறது என்று அவசரமாகப் போனார்கள். கிளறா சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து தாயின் கையைப் பிடித்தாள். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.