கலப்பு விதைக்கு எழுதிய புகார்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வலங்கைமான் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். குறுவை அறுவடை நெருங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவர் இரண்டு நெற்கதிர்களோடு வந்தார். ஒன்று முற்றிப் பழுத்திருந்தது. மற்றது இன்னும் பால்கூடப் பிடிக்கவில்லை.

"ஒரே வயலு சார். பாதி 'அறு'ங்குது, பாதி 'இரு'ங்குது. நான் யாரு பேச்சக் கேக்குறது?"

விதைக் கடையில் இரண்டு ரக விதைகள் கலந்த மூட்டையைக் கொடுத்திருந்தார்கள். கணவர் இறந்தபின் அந்தக் குத்தகை நிலத்தை அவர்தான் சாகுபடி செய்துவந்தார். வேளாண்மை அதிகாரிக்குப் புகார் எழுதித் தரும்படி கேட்டார்.

ரசீதை வாங்கிப் பார்த்தேன். அது நில உரிமையாளர் பெயரில் இருந்தது. எங்கள் பக்கம் அப்போது அதுதான் வழக்கம். குத்தகைக்காரர் தம் கைக்காசில் வாங்கினாலும், கடைக்காரர் மிராசுதார் பெயரில்தான் ரசீது போடுவார். அதிகாரி குழம்பக் கூடாதே என்று ஒரு வரி சேர்த்தேன்: 'ரசீது நில உரிமையாளர் பெயரில் இருப்பினும், விதையை வாங்கியதும் நிலத்தைச் சாகுபடி செய்வதும் நானே.'

விதை மூட்டையில் இருந்த அட்டையையும் இணைக்க வேண்டியிருந்தது. மூட்டை மிராசுதாரின் களத்தில் கிடந்தது. அந்தப் பெண்மணி அதைக் கேட்டு வாங்கப் போனதில், மிராசுதாரின் நிலபுலன்களைக் கவனித்துவந்த காரியஸ்தருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மாலையில் அந்தப் பெண்மணியின் பின்னாலேயே காரியஸ்தரும் என் வீட்டுக்கு வந்தார். புகாரை வாங்கிப் படித்தார்.

"கடையில நானே பேசி, அடுத்த போகம் தாளடிக்கு நல்ல விதையா வாங்கித் தர்றேன். இந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க சார்."

ஏன் என்று கேட்டேன். அவர் குடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணிதான் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு போனதோட குத்தகையும் போச்சுங்குறாங்க சார். நான் பயிர் வைக்கிறேன்னு எங்கயும் எழுத்துல இல்லையே."

குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்திருந்த சமயம் அது. பெயர் ஏறாதவர்களை நிலத்தைவிட்டு எழுப்பும் தகராறுகள் ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருந்தன. நான் விளக்கமாக நினைத்து எழுதிய வரி என்ன வேலை செய்யும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"விதை வேணுமா, வம்பு வேணுமா? நீயே சொல்லும்மா" என்றார் காரியஸ்தர்.

"விதைய நீங்களே வச்சுக்குங்க ஐயா. சார், அந்த வரிய இன்னொரு தரம் படிங்க. காதால கேட்டுக்குறேன்."

படித்தேன். அவர் கைநாட்டு வைத்தார். காரியஸ்தர் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அதிகாரி வந்து வயலைப் பார்த்தார். விதை களத்தில்தான் கலந்திருக்கும் என்று கடைக்காரர் சாதித்தார். நஷ்டஈடு கிடைக்கவில்லை, அந்தப் போகத்தில் பாதிதான் தேறியது. ஆனால் அதிகாரி தம் ஆய்வுக் குறிப்பில், சாகுபடியாளர் என்ற இடத்தில் அந்தப் பெண்மணியின் பெயரை எழுதியிருந்தார். அடுத்த ஆண்டு தாலுகா அலுவலகத்தில் நடந்த குத்தகைப் பதிவு விசாரணையில் அந்தப் பெண்மணி நீட்டியது அதன் நகலைத்தான். குத்தகைப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது.

விதைக்கான புகார் என்று பார்த்தால் அது தோற்றுப்போன மனுதான். ஆனாலும் இன்றுவரை யாருக்கு மனு எழுதினாலும், கெட்டுப்போன பொருளைப் பற்றிக் கேட்பதற்கு முன், 'நீங்கள் யார்' என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி, அதைத்தான் முதல் வரியாக எழுதுகிறேன்.