கண்டக்டர் வீட்டில் சிரிப்பு

கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்காது. டிக்கெட் கிழிக்கிற கையோடு எதையாவது சொல்லி பஸ்ஸையே சிரிக்க வைத்துவிடுவார். ஆனால் சரக்கு முதலில் அரங்கேறுவது வீட்டில்தான். மனைவி வாய்விட்டுச் சிரித்தால் மறுநாள் அது பஸ் ஏறும்; இல்லையென்றால் அவ்வளவுதான்.

இரண்டு வருஷமாக அந்தச் சிரிப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. உதட்டோரம் லேசாக இழுபடும், முடிந்தது. என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இந்த மனுஷன். கேட்கவில்லை. தன் சரக்குதான் தீர்ந்துவிட்டது என்று மண்டையை உடைத்துக்கொண்டு புதுசு புதுசாக ஜோக் தேடினார். அவள் முகத்துத் தோல் இறுகுவது கண்ணில் படவே இல்லை. வாய் கொள்ளாமல் அவள் டீஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தபோதுகூட, "குழந்தையாயிட்டியா?" என்று கிண்டலடித்தார்.

அவளுக்குப் பல்வலி என்று இரண்டு பேருமாகப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது தோல் இறுகற வியாதி. தாடையோட பின்மூலை ரெண்டு பக்கமும் கரைஞ்சிருக்கு, பாருங்க. சட்டுனு வாயைத் திறந்தா எலும்பு உடைஞ்சாலும் உடையும். கொட்டாவி வந்தாகூட கையால தாங்கிக்கணும்மா."

"சிரிச்சா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"அதையும் பார்த்துத்தான் சிரிக்கணும்."

இத்தனை நாள் கிண்டலடித்தோமே என்று அவருக்கு நெஞ்சு வெந்தது. அன்றிலிருந்து வீட்டில் வாய்க்குப் பூட்டு. செருப்பைக் கழற்றும்போதே முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வார்.

ஒரு சாயங்காலம் அவள் பொறுக்க முடியாமல் கேட்டாள்: "நான் என்ன செத்தா போயிட்டேன்? வீடு எழவு வீடு மாதிரி இருக்கு. ஏதாவது சொல்லுங்க."

"வேணாம்மா."

"சொல்லுங்கன்னா!"

இருப்பதிலேயே பழசாக ஒன்றை எடுத்தார். "தூங்கிட்டிருந்த ஒருத்தரைத் தட்டி டிக்கெட் கேட்டேனா... கண்ணைத் திறக்காமலே, 'அஞ்சு நிமிஷம்டி, எழுந்துடறேன்'னாரு. அதுக்கு நான்..."

அவள் இரண்டு கைகளாலும் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

பிறகு அவளே, திறந்தும் திறக்காத வாயால், "'சுடுதண்ணி போட்டாச்சு, எழுந்திருங்க'ன்னீங்க" என்று முடித்து வைத்தாள்.

இரண்டு பேருமே சிரிக்கவில்லை. அவள் தாடையிலிருந்து கைகளை எடுத்துவிட்டாள்.