வெறுங்கை முதலாளி

டொரொண்டோவில் நான் செக்யூரிட்டி வேலை பார்க்கும் அடுக்குமாடியில் ஒரு பிரெஞ்சுக்கார வங்கி அதிகாரி இருந்தார். நரைத்த தலை, மடிப்புக் கலையாத கோட், எப்போதும் வெறுங்கை. மழைக்குக் குடைகூடப் பிடிக்கமாட்டார். ஒரு பால் பெட்டி வாங்கினாலும் தூக்க ஆள் வேண்டும்.

"எங்கள் குடும்பம் பரம்பரையாகத் துணி வியாபாரம். முதலாளி கையில் பொதி இருந்தால் கடைக்கு மரியாதை இல்லை" என்று ஒருநாள் எனக்குப் பாடம் எடுத்தார். இந்த மனிசன் ஒரு முழத் துணி விற்றதில்லை. கடையின் திமிரை மட்டும் வங்கிக்குக் கொண்டுபோயிருந்தார்.

போன மாரியில் பிரான்சிலிருந்து அவருக்கு ஒரு பெட்டி வந்தது. மேலே கொண்டுவரச் சொன்னார்.

"உடையும் சாமானா?" என்று கேட்டேன்.

"அம்மாவின் சாம்பல்" என்றார்.

பெட்டியோடு நான் நிற்க, லிஃப்ட் பொத்தானை அமத்தவும் என் முகத்தைத்தான் பார்த்தார். முழங்கையால் அமத்தினேன்.

எங்கள் அம்மாவின் சாம்பலை ஒஷாவா ஏரிக்கரைக்குக் கொண்டுபோன அன்று, அந்த மண்முட்டியை யார் மடியில் வைத்திருப்பதென்று நானும் தம்பியும் காருக்குள் சண்டை பிடித்தோம்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி, "பெட்டி சரியான பாரமே?" என்று கேட்டாள்.

"இல்லையப்பா, ஒரு கையாலையே தூக்கலாம்" என்றேன். "நான்தான் ரெண்டு கையாலையும் பிடிச்சனான்."