கௌசிக்கு மறுபடியும் வெள்ளை பெல்ட்

இன்று காலை வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். பக்கத்து சீற்றில் கௌசி.

பாமன்கடைப் பகுதியில் இருவரும் ஒன்றாகத்தான் டேக்வாண்டோ பழகினோம். கறுப்பு பெல்ட்டும் ஒரே நாளில்தான் எடுத்தோம். பிறகு சங்கம் இரண்டாக உடைந்தது. அவள் அந்தப் பக்கம் போனாள், நான் இந்தப் பக்கம் நின்றேன். எங்களுக்குள் சண்டை ஏதும் இல்லை. கதைக்காமல் விட்டோம், அவ்வளவுதான்.

"எங்கட சங்கத்தை மூடிட்டாங்கள், தெரியும்தானே?" என்றாள்.

"ஓம், கேள்விப்பட்டனான்."

"உங்கட பக்கம் வரக் கேட்டனான். விட்டுட்டுப் போன ஆக்களின்ர பெல்ட் செல்லாதாம். வெள்ளை கட்டிக்கொண்டு முதல்ல இருந்து டெஸ்ட் செய்யட்டாம். ஞாயிறு வாறன்."

ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் வைத்து மார்க் போடுவது நான். அவள் வருவதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பஸ்ஸிலிருந்தே எங்கள் சங்கச் செயலாளருக்குப் போன் எடுத்தேன். "அவ என்னோட கறுப்பு எடுத்தவ, சேர்."

"ரூல் எல்லாருக்கும் ஒண்டுதான் தங்கச்சி. உங்களுக்குக் கஷ்டமெண்டா வேற ஆளைப் போடுறன்."

அது கௌசிக்கும் கேட்டது. "வேண்டாம், நீயே இரு," என்றாள். "தெரியாத ஆக்களுக்கு முன்னால என்னால வெள்ளை கட்ட ஏலாது."

சரி என்றேன். கோபம் வருமென்று பார்த்தேன், வரவில்லை. அழுகையும் வரவில்லை. அவள் கொள்ளுப்பிட்டியில் இறங்கினாள். நான் கொட்டாஞ்சேனை வரை போனேன்.

கொழும்பில் இன்னும் இரண்டாக உடையாத சங்கம் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். பூக்கன்று வளர்க்கிற சங்கமென்றாலும் பரவாயில்லை, நாளைக்கே சேர்கிறேன்.